'ஃபயர் அண்ட் ரெயின்' யாருக்காக எழுதப்பட்டது? கேள்வி பதில்

கேள்வி: 'ஃபயர் அண்ட் ரெயின்', அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் காதலி விமான விபத்தில் இறந்ததால் பிறந்த பாட்டாமே?

பதில்: இல்லை. மூன்று சரணம், மூன்று பின்னணி. முதல் சரணத்துச் சூசன் அவருடைய தோழி. 1968இல் டெய்லர் லண்டனில், பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்துக்கு முதல் ஆல்பம் பதிவு செய்துகொண்டிருந்த சமயத்தில் தற்கொலை செய்துகொண்டவர். பதிவு வேலை கெட்டுவிடக் கூடாதென்று நண்பர்கள் சேதியை மறைத்து, பின்னர்தான் சொன்னார்கள். பாட்டு அந்தச் சேதி வந்து சேரும் இடத்தில் தொடங்குவது அதனால்தான். இரண்டாவது சரணம் ஹெராயினோடு அவர் பட்ட பாடு. மூன்றாவது, சிகிச்சைக் காலத்தில் பழையதைத் திரும்பிப் பார்ப்பது.

கேள்வி: அப்படியானால் பாட்டில் தரையில் சிதறிக் கிடப்பதாக வரும் 'பறக்கும் இயந்திரம்' (ஃப்ளையிங் மெஷின்)?

பதில்: ஃப்ளையிங் மெஷின் என்பது நியூயார்க்கில் அவர் நடத்திய இசைக்குழு. 1967இல் கலைந்துபோனது.

கேள்வி: காதலி வந்த விமானத்தை ஏற்பாடு செய்ததே நண்பர்கள்தானாமே?

பதில்: விமானமே கிடையாது. முதல் பதிலைப் படியுங்கள். இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிய கட்டுக்கதை இது, தயவுசெய்து பரப்பாதீர்கள்.

கேள்வி: பாடகி கரோல் கிங் எழுதிய 'யூ'வ் காட் அ ஃப்ரெண்ட்' இதற்குப் பதில் பாட்டா?

பதில்: 'ஃபயர் அண்ட் ரெயி'னில் வரும், நண்பன் கிடைக்காத தனிமை பற்றிய வரிக்குப் பதிலாக எழுதியதாகக் கரோலே சொன்னார் என்பது டெய்லரின் கூற்று.

கேள்வி: யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை என்று கரோல் சொல்லியிருக்கிறாரே!

பதில்: ஆமாம், சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று வெட்டாது. 'ஃபயர் அண்ட் ரெயின்' பதிவில் பியானோ வாசித்தவரே கரோல்தான். அந்த வரி காதில் ஊறியிருக்கும், எழுதும்போது தெரியாமலே வந்திருக்கும். டெய்லர் பக்கமே எனக்கு நியாயமாகப் படுகிறது. 'யூ'வ் காட் அ ஃப்ரெண்ட்' பாட்டை 1971இல் டெய்லர் பாடிய வடிவம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 'ஃபயர் அண்ட் ரெயின்' எட்டியது மூன்றாமிடம்.

கேள்வி: கிட்டாரில் வாசித்தால் ரெக்கார்டு மாதிரி வரவில்லை.

பதில்: கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மூன்றாம் ஃப்ரெட்டில், கார்டுகள் ஏ வடிவத்தில்; கேட்பது சி சுருதி. தவறு பெரும்பாலும் டியூனிங்கில். கேப்போ அழுத்தினால் சுருதி ஏறும், தடித்த கம்பியில் அதிகம் ஏறும். டெய்லர் தடித்த ஆறாவது கம்பியிலிருந்து வரிசையாக 12, 10, 8, 4, 6, 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கி வைப்பார். கேப்போ இல்லாமல் இப்படி வைத்துவிட்டு, பிறகு மாட்டுங்கள். கட்டைவிரல் பேஸ் கம்பிகளுக்கு, மற்ற மூன்று விரல்கள் மெல்லிய கம்பிகளுக்கு. பிக் வேண்டாம்.

கேள்வி: ரெக்கார்டில் டிரம்ஸ் அவ்வளவு அடக்கமாகக் கேட்பது எப்படி?

பதில்: டிரம்ஸ் வாசித்த ரஸ் கங்கல் குச்சியால் அடிக்கவில்லை, பிரஷ்ஷால் வாசித்தார்.