சிகாகோவுக்குப் புறப்படுகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிகாகோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் எழுதியவை. 2001 டிசம்பரில் வந்ததிலிருந்து நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன். என் பெற்றோர், மாமியார், பெரியம்மா என்று வந்துபோனவர்களை வைத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் மகள் வீட்டுக்குப் போகிறோம். மூன்று மாதம் தங்குவோம். எனக்கு 67, மனைவிக்கு 63. அவள் சேலைதான் கட்டுவாள். குளிரைச் சொல்லி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உடைக்கு என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

குளிர் உண்மைதான், ஐயா. 2019 ஜனவரி 30 அன்று காலையில் இங்கே மைனஸ் 31 டிகிரி செல்சியஸ் இருந்தது. ஆனால் அது அபூர்வம். ஜனவரியில் சாதாரணமாக ராத்திரிக்கு மைனஸ் ஏழு, எட்டு இருக்கும். அதோடு காற்றும் சேரும்போதுதான் முகம் எரியும்.

வெளியே அப்படி என்றால், வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்பாதீர்கள். உள்ளே உடம்போடு ஒட்டும் தெர்மல் உள்ளாடை, அதற்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற மேல்சட்டை, வெளியே போகும்போது ஓவர்கோட். கடைக்குள் நுழைந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கோட்டையும் பூட்ஸையும் அங்கேயிருந்து வாங்கி வர வேண்டாம். இங்கே வந்து, கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பார்த்து வாங்குங்கள். விமானத்திலிருந்து இறங்கும்போது போட்டுக்கொள்ள, மகளை ஆளுக்கொரு கோட் கொண்டுவரச் சொன்னால் போதும்.

அம்மா சேலையை விட வேண்டியதில்லை. முதலில் தெர்மல் லெகிங்ஸ், அதற்கு மேல் மெல்லிய உள்பாவாடை. சேலையை வழக்கத்தைவிட மூன்று விரல் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். நடைபாதையில் பனி உருக உப்பு தூவுவார்கள். அந்த உப்புச் சேறு சேலை ஓரத்தில் பட்டுக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக நிற்கும். என் அம்மாவின் இரண்டு நல்ல சேலைகள் அப்படித்தான் பாழாயின.

குளிரைவிட நான் அதிகம் பயப்படுவது வழுக்கலுக்கு. தரை ஈரமாக இருப்பதுபோல்தான் தெரியும், மேலே கண்ணாடிபோலப் பனிக்கட்டி படிந்திருக்கும். பிளாக் ஐஸ் என்பார்கள். பாதம் முழுவதும் பதியும்படி சின்னச் சின்ன அடியாக நடங்கள். கைகளைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், தடுமாறினால் சமாளிக்கக் கை வேண்டும்.

இன்னொன்று, டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். பிள்ளைகள் வேலையிலிருந்து வருமுன்பே ராத்திரி வந்துவிட்டதே என்று பெரியவர்களுக்கு மனசு சோர்ந்துபோகும். பகல் பன்னிரண்டு மணிக்கு, வெயில் இருந்தால், பத்து நிமிடமாவது தினமும் வெளியே போய் வாருங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

மகன் வீட்டுத் தெருவில் பனிக்காலத்தில் பழைய நாற்காலிகளை ரோட்டில் வைத்திருப்பதை வீடியோ காலில் பார்த்தேன். ஏன் அப்படி?
– வாசகி, சேலம்

நல்லவேளை கேட்டீர்கள். இதற்கு இங்கே 'டிப்ஸ்' (dibs) என்று பெயர். உணவகத்தில் வைக்கும் டிப்ஸ் இல்லை, 'இது என் இடம்' என்று சொல்லும் டிப்ஸ். பெரிய பனி பெய்தால் தெருவோரம் நிறுத்திய கார் புதைந்துவிடும். மண்வெட்டியால் மணிக்கணக்கில் பனியை வாரித்தான் காரை வெளியே எடுக்க முடியும். வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் வேறொருவர் அந்த இடத்தில் நிறுத்திவிடக்கூடாதே என்று பழைய நாற்காலி, துணி தேய்க்கும் மேசை, வாளி எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். சட்டப்படி தெரு பொதுவானது. நகராட்சி ஆட்களே சில சமயம் அவற்றை அள்ளிக்கொண்டு போவதும் உண்டு. ஆனால் அக்கம்பக்கத்தில் யாரும் தொட மாட்டார்கள்.

2011 பிப்ரவரி 1, 2 தேதிகளில் 21 அங்குலப் பனி கொட்டியது. ஏரிக்கரைச் சாலையில் நூற்றுக்கணக்கான கார்கள் ராத்திரி முழுக்கச் சிக்கிக் கிடந்தன. அப்போது என் பெற்றோர் இங்கே இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கை உடைந்து கம்பி வைத்துக் கட்டியிருந்தது. "நல்ல நாற்காலியை யாரோ ரோட்டில் எறிஞ்சிருக்காங்க, செருப்பு மாட்ட ஆகுமேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார் அம்மா. எனக்குப் பகீரென்றது. அது எதிர்வீட்டுக்காரர் தன் இடத்துக்கு வைத்தது. அவருக்கு எழுபது வயதுக்கு மேல். முந்தின நாள் காலை முழுக்க அவர் ஒருவராகவே அந்தப் பனியை வாரியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். இப்போது அந்த இடத்தில் வேறு யாருடைய காரோ நின்றது.

நாற்காலியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்குமுன்பே அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் மன்னிப்புக் கேட்டார். அவர் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் காலைப் பார்த்தார். கேன்வாஸ் ஷூ, நனைந்திருந்தது. "இவங்களுக்குப் பூட்ஸ் இல்லையா?" என்றுதான் முதலில் கேட்டார். ஏப்ரலில் ஊருக்குக் கிளம்பும்வரை, பனி பெய்த நாளெல்லாம் அம்மா எழுந்ததும் ஜன்னலுக்குப் போய் அந்த நீல நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பார்.

முன்பின் தெரியாதவர்கள் சிரித்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்களாமே? என்ன பதில் சொல்வது?
– வாசகர், விருதுநகர்

"குட், ஹவ் ஆர் யூ?" போதும். முட்டிவலியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போகாதீர்கள். அமெரிக்காவின் இந்தப் பகுதியை மிட்வெஸ்ட் என்பார்கள். லிஃப்டில், கடை வரிசையில், பஸ் நிறுத்தத்தில் இரண்டு வார்த்தை பேசுவது இங்கே சாதாரணம். ஒன்றும் தோன்றாவிட்டால் வானிலை இருக்கவே இருக்கிறது. தெரியாமல் இடித்துவிட்டால் "ஓப்!" என்பார்கள். பயந்துவிடாதீர்கள், "அடடா, ஸாரி" என்று அர்த்தம்.

கதவு விஷயத்தை மறக்கவே கூடாது. முன்னால் போகிறவர் உங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தேங்க்யூ சொல்லிவிட்டு, பின்னால் யாராவது வந்தால் நீங்களும் பிடியுங்கள். நம்மவர்கள் பலர் பிடித்த கதவுக்குள் விறுவிறுவென்று போய்விடுகிறார்கள். கெட்ட எண்ணமில்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான். வரிசையிலும் முன்னால் நிற்பவருக்கு ஒரு கை தூரம் விட்டு நில்லுங்கள்.

மருமகளின் அமெரிக்கத் தோழி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாராம். என்ன கொண்டுபோவது?
– வாசகி, தஞ்சாவூர்

பூ, ஸ்வீட் டப்பா, நீங்களே செய்த முறுக்கு, எதுவானாலும் சரி. ஆறு மணி என்றால் ஆறிலிருந்து ஆறேகாலுக்குள் போய்விடுங்கள், முன்கூட்டிப் போக வேண்டாம். சைவம் என்பதை மருமகள் மூலம் முதலிலேயே தெரிவித்துவிடுங்கள், மீன் கூடாது, முட்டை கூடாது என்பதையும் சேர்த்து. ஷூவைக் கழற்றுவதா என்று வாசலிலேயே கேட்டுவிடலாம். நம் வீட்டில் முதல் தடவை "வேண்டாம்" என்போம், அவர்கள் வற்புறுத்துவார்கள், பிறகு வாங்கிக்கொள்வோம். இங்கே வேண்டாம் என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பசித்தால் முதல் தடவையே வாங்கிக்கொள்ளுங்கள்.

விடைபெறும்போது மட்டும் நம் ஊரேதான். கிளம்புகிறோம் என்று எழுந்து, கூடத்தில் கொஞ்ச நேரம், வாசலில் கொஞ்ச நேரம், கார் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம். இங்கே அது தனிப் பெயர் வாங்கிய வழக்கம், 'மிட்வெஸ்ட் குட்பை' என்பார்கள்.

மகன் துணையில்லாமல் நானே ஊர் சுற்ற முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

மகன் எங்கே இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். சிகாகோ என்று சொல்லும் நம் பிள்ளைகளில் நிறையப் பேர் நேப்பர்வில், அரோரா, ஷாம்பர்க் போன்ற புறநகர்களில் இருக்கிறார்கள். அங்கே காரில்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. நகரத்துக்கு வர மெட்ரா ரயில். நகரத்துக்குள் ஓடுவது 'எல்' ரயில், அதற்கு வென்ட்ரா கார்டு. இரண்டுக்கும் டிக்கெட் வேறு வேறு. ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு எல் ரயிலின் நீலப் பாதையில் முக்கால் மணி நேரம், ராத்திரி முழுக்க ஓடும். நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. ரயிலில் ஊருக்குப் போன் போட்டால் ஸ்பீக்கரில் பேச வேண்டாம்.

வழி தவறுவது இந்த ஊரில் கஷ்டம். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் பூஜ்யம். 1909 முதல் அங்கிருந்துதான் கதவிலக்கம் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் 800 எண் ஏறினால் ஒரு மைல். நம் மளிகைக் கடைகள் இருக்கும் டெவான் அவென்யூ 6400 வடக்கு, அதாவது அந்த முனையிலிருந்து எட்டு மைல். உள்ளூர்க்காரர்கள் அதை 'டிவான்' என்பார்கள். ஏரி எப்போதும் கிழக்கே இருக்கும்.

காலையில் திடீரென்று சங்கு ஊதியது, பயந்துவிட்டோம் என்றார் அங்கே போயிருக்கும் என் அக்கா. என்ன அது?
– வாசகி, ஈரோடு

மாதத்தின் முதல் செவ்வாய், காலை பத்து மணி என்றால் அது சோதனைச் சங்கு. வேறு நேரத்தில், வானம் கறுத்திருக்கும்போது ஊதினால் டொர்னாடோ என்ற சுழற்காற்று எச்சரிக்கை. உடனே பேஸ்மெண்டுக்கு, அதாவது தரைக்குக் கீழே இருக்கும் தளத்துக்கு, போக வேண்டும். பேஸ்மெண்ட் இல்லாவிட்டால் தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைக்கு.

டிப்ஸ் எவ்வளவு?
– வாசகர், மதுரை

உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் 18 முதல் 20 சதவீதம். பரிமாறுபவரின் வருமானமே பெரும்பாலும் அதுதான், குறைக்காதீர்கள். சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். கடையில் ஒட்டிய விலையோடு வரி தனியாக ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரே ஒரு இடம் பார்க்க நேரமிருந்தால் எங்கே போகலாம்?
– வாசகி, ராமநாதபுரம்

நீங்கள் ராமநாதபுரம் என்பதால் எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. மிச்சிகன் அவென்யூவில் இருக்கும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போங்கள். 1893 செப்டம்பர் 11 அன்று சர்வமத சபையில் விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். அவரை இந்தச் சபைக்குப் போகத் தூண்டியவர்களில் உங்கள் ஊர் சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். சென்னையில் அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். வாசலில் ரோட்டுப் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பாருங்கள், சுவாமி விவேகானந்தர் பெயர் இருக்கும்.

சபைக்கு இரண்டு நாள் முன்பு அவர் சிகாகோ ரயில் நிலையத்தில் இறங்கியபோது, போக வேண்டிய முகவரி தொலைந்துபோயிருந்தது. ராத்திரியை ரயில் யார்டில் ஒரு சரக்குப் பெட்டியில் கழித்தார். காலையில் வீடு வீடாக உதவி கேட்டார், கதவை முகத்தில் அறைந்தார்கள். நடந்து களைத்து டியர்பார்ன் அவென்யூவில் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டிலிருந்து ஹேல் என்ற அம்மையார் இறங்கி வந்து, சர்வமத சபைக்கு வந்தவரா என்று கேட்டு, உள்ளே அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டு, தாமே சபை அலுவலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார்.