முட்டி வலியோடு குரூசர் வாங்கலாமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 62. இளமையில் யமஹா ஆர்எக்ஸ்இசட் ஓட்டினேன். பிள்ளைகள் பிறந்ததும் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டேன். பணி ஓய்வுக்குப் பிறகு மீண்டும் ஆசை வந்திருக்கிறது. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், வலது முட்டியில் வலி உண்டு. மனைவியை ஏற்றிக்கொண்டு வார இறுதியில் தைப்பிங் வரை போய்வர வேண்டும். பழைய ஹார்லி 883 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?"

வேண்டாம் ஐயா. 883 நல்ல குரூசர்தான் (தாழ்ந்த இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாக ஓட்டும் வண்டி வகை), ஆனால் அதன் எடை ஏறத்தாழ 250 கிலோ. நீங்கள் பழகிய ஆர்எக்ஸ்இசட் அதில் பாதி எடைகூட வராது. ஓடும்போது எடை ஒரு பொருட்டே இல்லை. பினாங்குப் பாலத்தில் பக்கக் காற்று வீசும்போது தாழ்ந்த, கனத்த வண்டிதான் நிதானமாகப் போகும். நிற்கும்போதுதான் வினை. ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் முன்சக்கரத்தை ஓரத்துக்கு விட்டு நிறுத்திய வண்டியைப் பின்னோக்கித் தள்ளி எடுக்க வேண்டும். மழை ஈரத்தில் கால் சற்று வழுக்கினால் 250 கிலோவை எந்த முட்டியும் தாங்காது. அதனால் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும், ஓட்டிப் பார்க்கும் முன் எஞ்சினை அணைத்துவிட்டு, மேலே உட்கார்ந்தபடி இலேசான ஏற்றத்தில் பின்னால் தள்ளிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அந்த வண்டி உங்களுக்கு ஆகாது.

அடுத்தது, குரூசர் என்றாலே சொகுசு என்ற நம்பிக்கை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கால் வைக்கும் கட்டை மிகவும் முன்னால் இருந்தால் பாதத்தால் உடலைத் தாங்க முடியாது. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நேராக முதுகெலும்பில் இறங்கும். தாழ்ந்த குரூசர்கள் பலவற்றில் பின் சஸ்பென்ஷன் குறைவாகவே இறங்கி ஏறும் என்பதால் வலி இரட்டிப்பாகும். சரி, கட்டை நடுவில் இருந்தால் நல்லதா? இருக்கை மிகத் தாழ்ந்து, கட்டையும் நடுவில் இருந்தால் முட்டி இறுக மடங்கும். ஹோண்டா ரெபல் 500-இன் இருக்கை உயரம் 690 மில்லிமீட்டர்தான். கால் தரையில் அழகாகப் பதியும், ஆனால் நெடுந்தூரத்தில் உங்கள் வலது முட்டி அதை விரும்பாது. உங்களுக்கு வேண்டியது இடைப்பட்ட நிலை: கட்டை கொஞ்சம் முன்னால், முட்டி விரிந்த கோணத்தில், பின்பிரேக்கை மிதிக்கத் தொடையைத் தூக்க வேண்டாத அமைப்பு. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இது புரியாது. இருபது நிமிடமாவது உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து மிதித்துப் பாருங்கள்.

இந்தக் கணக்குக்கு என் முதல் தேர்வு ராயல் என்ஃபீல்ட் மீட்டியோர் 350. எடை 191 கிலோ, இருக்கை 765 மில்லிமீட்டர். வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், சுமார் 20 குதிரைத்திறன்தான். இருவரோடு நெடுஞ்சாலையில் இடது தடத்தில் பதற்றமின்றிப் போகும், தைப்பிங்குக்கு அது போதும். இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்று வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியாகப் பாருங்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் ஓட்டுபவர் மழையில் பதறிப் பிரேக் பிடிக்கும்போது அதன் அருமை தெரியும். கூடுதல் வலு வேண்டுமென்றால் கவாசாகி வல்கன் எஸ்: 649 சிசி, இருக்கை 705 மில்லிமீட்டர், கால்கட்டையை முன்பின் நகர்த்தி அமைக்கலாம். எடை 230 கிலோவை ஒட்டி வரும். மேலே சொன்ன தள்ளும் சோதனையில் தேறினால் மட்டும் வாங்குங்கள்.

உரிமம் பற்றி நீங்கள் எழுதவில்லை. கையில் இருப்பது பி2 என்றால் 250 சிசி வரைதான் ஓட்டலாம். மேலே சொன்ன எதுவும் ஆகாது. உரிமம் காலாவதியாகி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் தேர்வு எழுத வேண்டியிருக்கும். பி2-வோடு நின்றுவிட எண்ணினால் பழைய யமஹா விராகோ 250 இருக்கிறது. 150 கிலோவுக்குள் எடை, மிகத் தாழ்ந்த இருக்கை. நகருக்குள்ளும் பாலிக் பூலாவ் பக்கமும் தனியாகச் சுற்ற அருமையான வண்டி. மனைவியோடு தைப்பிங் போக அதை நான் சொல்லமாட்டேன். ஏபிஎஸ் கிடையாது, பின்பிரேக்கும் டிரம் வகை.

பார்க்கப் போகும்போது முதலில் எஞ்சினைத் தொடுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது சிரமப்பட்டுத்தான் கிளம்பும் என்று சந்தேகிக்கலாம். வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் முன்ஃபோர்க்கின் பளபளப்பான குழாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். எண்ணெய் ஒட்டினால் சீல் போய்விட்டது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் பூ (தரையில் படும் வரிகள்) தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும், இவ்வளவு பழைய டயரை மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோல் தொட்டிக்குள் டார்ச் அடித்துத் துருவைத் தேடுங்கள். பினாங்குத் தீவில் கடலோரம் நின்ற வண்டி என்றால் சக்கரக் கம்பிகளையும் பாருங்கள். கம்பிச் சக்கரத்தில் பெரும்பாலும் டியூப் இருக்கும், பஞ்சரானால் காற்று ஒரேயடியாக இறங்கிவிடும். அலாய் சக்கரமும் டியூப் இல்லா டயரும் உங்களுக்கு மேல்.

கெரானில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கிக் கடன் தீர்ந்ததா, சம்மன் (போக்குவரத்து அபராதம்) நிலுவை உண்டா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். டயர், பேட்டரி, பிரேக் எண்ணெய், செயின் ஆகியவற்றுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, மீதிக்குள் விலை பேசுங்கள். விலை பேசும் முன் உங்கள் மனைவியையும் அழைத்துப்போய்ப் பின்னிருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். குரூசர்கள் பலவற்றில் அந்த இருக்கை மிகச் சிறியது; சாய்மானம் பொருத்த முடியுமா என்று விற்பவரிடம் அப்போதே கேட்டுவிடலாம்.