இங்கிலாந்துக் கால்பந்தின் ஒட்டுமொத்த லீக் பட்டியலில் முதலிடம் யாருக்கு?

"1888 முதல் இன்றுவரை நடந்த லீக் ஆட்டங்களின் புள்ளிகளையெல்லாம் கூட்டி இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்களை வரிசைப்படுத்துகிறார்களே, அந்த வரிசையை நம்பலாமா? நம்பக்கூடாது என்றால் வேறு எப்படி ஒப்பிடுவது, யாரை முதலில் வைப்பது?" என்பது கேள்வி. புள்ளிகளைக் கூட்டும் வரிசையை நான் நம்புவதில்லை. முதலில் வைப்பது லிவர்பூலை. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீண்ட விடுமுறையில், பழைய பருவங்களின் இறுதிப் பட்டியல்களை எக்செல் தாளில் ஏற்றி, அவற்றுக்கு இன்றைய விதிகளைப் பொருத்திப் பார்க்கும் வேலையில் இறங்கினேன். 1923-24 பருவத்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன், வேல்ஸ் நாட்டுக் கழகமான கார்டிஃப் சிட்டி இரண்டும் 42 ஆட்டங்களில் 57 புள்ளிகள் பெற்றிருந்தன. அன்றைய விதிப்படி, அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்து வரும் கோல் சராசரியே வெற்றியாளரைத் தீர்மானித்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் 60 அடித்து 33 வாங்கியிருந்தது, கார்டிஃப் 61 அடித்து 34 வாங்கியிருந்தது. மயிரிழையில் பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனது. வகுத்தலை நீக்கிவிட்டு, அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழிக்கும் இன்றைய கோல் வித்தியாசத்தைப் போட்டேன். இரண்டுக்கும் 27 வந்தது. ஒரு கோல் அதிகம் அடித்த கார்டிஃப் மேலே ஏறிக்கொண்டது. இங்கிலாந்து லீக் பட்டத்தை இதுவரை வென்றிராத வேல்ஸ் நாட்டுக்கு என் மேசையில் ஒரு பட்டம் கிடைத்துவிட்டது. அடுத்த படியாக வெற்றிக்கு 2 புள்ளி என்பதை 3 ஆக மாற்றினேன். 23 வெற்றிகள் கண்ட ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 80, 22 வெற்றிகள் கண்ட கார்டிஃபுக்கு 79 என்று வர, பட்டம் திரும்பவும் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. அந்தப் பருவத்தின் கடைசி நாளில் பர்மிங்காமுக்கு எதிராகக் கிடைத்த பெனால்டியைக் கார்டிஃப் தவறவிட்டு, ஆட்டத்தைக் கோலின்றிச் சமனில் முடித்தது என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்த ஊர்க்காரர்கள் மீது இரக்கம்தான் வருகிறது.

இது ஒரு பருவத்தின் விபத்து அல்ல. 1988-89இல் ஆர்செனலும் லிவர்பூலும் 76 புள்ளிகளிலும் 37 என்ற கோல் வித்தியாசத்திலும் சமமாக நின்றபோது, 73 கோல்கள் அடித்திருந்த ஆர்செனல், 65 அடித்திருந்த லிவர்பூலை முந்தியது. ஆனால் ஆர்செனல் வாங்கியவை 36, லிவர்பூல் வாங்கியவை 28; 1976 வரை இருந்த கோல் சராசரி விதி அப்போதும் நீடித்திருந்தால் பட்டம் லிவர்பூலுக்கு. 1994-95இல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் 89 புள்ளிகளோடு, 88 எடுத்த மான்செஸ்டர் யுனைடெடை முந்தியதும் அப்படித்தான். 1981இல் கைவிடப்பட்ட இரண்டு புள்ளி முறையில் கணக்கிட்டால் இருவருக்கும் 62 வருகிறது; கோல் கணக்கில் யுனைடெட் வெகுதூரம் முன்னே இருந்தது.

ஒட்டுமொத்தப் பட்டியல் போடுபவர்கள் பழைய பருவங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று புள்ளி கொடுத்துவிடுவது வழக்கம். வெற்றிக்கும் சமனுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வேறுபாடு என்ற காலத்தில், வெளியூர் மைதானத்தில் ஒரு சமனை எடுத்துக்கொண்டு திரும்புவது புத்திசாலித்தனமான ஆட்டம். அப்படித் திட்டமிட்டு ஆடியவர்களை, அவர்கள் அறிந்திராத ஒரு விதியைக் கொண்டு பிற்பாடு தண்டிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆட்டங்களின் எண்ணிக்கை இன்னொரு சிக்கல். 12 கழகங்களோடு தொடங்கிய முதல் பருவத்தில் ஆளுக்கு 22 ஆட்டங்கள்தான், 1919 முதல் நெடுங்காலம் 42, இன்று 38. கீழ்ப் பிரிவுகளையும் சேர்த்துக் கூட்டினால் வேடிக்கை கூடும், ஏனெனில் அங்கே ஒரு பருவத்துக்கு 46 ஆட்டங்கள். தரமிறங்கிய கழகத்துக்கு, பட்டம் வென்ற கழகத்தைவிட எட்டு ஆட்டங்களின் புள்ளிகளைச் சேர்க்கும் வாய்ப்பு கூடுதலாகக் கிடைக்கிறது. சராசரி எடுத்தாலும் தப்ப முடியாது. 1888-89இல் தோல்வியே காணாமல் 18 வெற்றி, 4 சமன் என்று முடித்த பிரெஸ்டன் நார்த் எண்டுக்கு இன்றைய முறையில் 58 புள்ளிகள், ஆட்டத்துக்கு 2.64. 2017-18இல் 38 ஆட்டங்களில் 100 புள்ளிகள் குவித்த மான்செஸ்டர் சிட்டிக்கு 2.63. பிரெஸ்டன்தான் மேலான அணி என்று இதை வைத்து யாரும் வாதிடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆகவே நான் பார்ப்பவை இரண்டு: அந்தந்தக் காலத்து விதிப்படி வென்ற பட்டங்கள், முதல் பிரிவில் கழித்த பருவங்கள். 2024-25 முடிய லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைடெடுக்கும் தலா 20 பட்டங்கள், ஆர்செனலுக்கு 13, மான்செஸ்டர் சிட்டிக்கு 10, எவர்ட்டனுக்கு 9, ஆஸ்டன் வில்லாவுக்கு 7. செல்சிக்கும் சண்டர்லாந்துக்கும் ஆறாறு. ஆனால் சண்டர்லாந்தின் ஆறும் 1936க்குள் முடிந்துவிட்டன, செல்சியின் ஆறில் ஐந்து 2005 முதல் வந்தவை. வெறும் எண்ணிக்கை இந்த வேறுபாட்டைக் காட்டாது.

பருவங்களின் கணக்கில் எவர்ட்டனுக்கு நிகர் யாருமில்லை. லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டில் ஒன்றான அது, முதல் பிரிவுக்கு வெளியே இருந்தது நான்கே பருவங்கள்: 1930-31, பிறகு 1951 முதல் 1954 வரை மூன்று. முதல் தடவை இறங்கியபோது மறு ஆண்டே ஏறி, அதற்கடுத்த ஆண்டு பட்டமே வென்றது. 1915இலும் 1939இலும் எவர்ட்டன் பட்டம் வென்ற கையோடு போரினால் லீக் நின்றுபோனது. 1919 முதல் ஒரு பருவம்கூட இறங்காத ஆர்செனலைத் தொடர்ச்சிக்காகப் பாராட்டலாம்; ஆனால் அந்த ஆண்டு அவர்கள் ஏறியது ஆடுகளத்தில் அல்ல, லீக் கூட்டத்தில் நடந்த வாக்கெடுப்பில். மான்செஸ்டர் சிட்டியோ 1937இல் பட்டம் வென்று, மறு பருவத்தில் எல்லாரையும்விட அதிகமாக 80 கோல்கள் அடித்தும் தரமிறங்கிய கழகம். 1998-99இல் மூன்றாம் பிரிவு வரை போய்வந்தது.

இருபதில் சமமாக நிற்கும் இருவரில் லிவர்பூலை மேலே வைப்பதற்கு வருவோம். யுனைடெடின் 20 பட்டங்களையும் மூன்றே மேலாளர்கள் வென்று தந்தார்கள்: எர்னஸ்ட் மாங்னல் 2, மாட் பஸ்பி 5, அலெக்ஸ் ஃபெர்குசன் 13. பஸ்பியின் கடைசிப் பட்டத்துக்கும் ஃபெர்குசனின் முதல் பட்டத்துக்கும் இடையே 26 ஆண்டுகள், அதில் 1974-75 பருவம் இரண்டாம் பிரிவில் கழிந்தது. லிவர்பூலில் பில் ஷாங்க்லி, பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், கென்னி டால்கிலிஷ் என்று ஒருவர் பின் ஒருவராக வந்த நால்வருமே வென்றார்கள். 1990க்குப் பிறகு 30 ஆண்டுகள் காத்திருந்து யூர்கன் க்ளோப்பும், 2025இல் ஆர்னே ஸ்லாட்டும் வென்றார்கள். ஆள் மாறியும் வென்றிருப்பதால் அந்தச் சாதனையை எந்தத் தயக்கமும் இன்றிக் கழகத்தின் பெயரில் எழுத முடிகிறது. யுனைடெட் இரண்டாவது, ஆர்செனல் மூன்றாவது. சிட்டிக்கு ஒரு பட்டம் அதிகம் என்றாலும் நான்காம் இடத்தை எவர்ட்டனுக்கே கொடுப்பேன். இதில் மறுப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரியும்.