மருந்துக்குக் கட்டுப்படாதது எல்லாம் தீராததா?

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. ஆறு ஆண்டுகளாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். சென்ற வாரம் மருத்துவச் சீட்டில் 'ரிஃப்ராக்டரி எபிலெப்சி' என்று எழுதிக் கொடுத்தார்கள். அகராதியில் 'அடங்காத, முரண்டு பிடிக்கிற' என்று இருக்கிறது. இனித் தீராது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா? என் மகளின் உடலியங்கியல் புத்தகத்தில் இதயத் தசைக்கும் இதே சொல் வருகிறதே?

வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

தீராது என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு இல்லை. அகராதி சொல்வது சரிதான், லத்தீன் மூலத்திலும் பிடிவாதம் என்றே பொருள். ஆனால் மருத்துவர் அதை எழுதும்போது பையனின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசவில்லை, இதுவரை கொடுத்துப் பார்த்த மருந்துகளைப் பற்றியே பேசுகிறார். அவனுடைய வலிப்பு வகைக்குப் பொருத்தமான, உடம்புக்கு ஒத்துக்கொண்ட இரண்டு மருந்துகளைத் தனித்தனியாகவோ சேர்த்தோ முறையாகக் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதற்கு இந்தப் பெயர் என்று பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010-இல் வரையறுத்தது.

இரண்டோடு ஏன் நிறுத்தினார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. 2000-இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு ஒன்றில், அதுவரை மருந்தே எடுத்திராத 470 பேரில் 47 விழுக்காட்டினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது, மூன்றாவது மருந்துகளில் நின்றவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. ஆகவே மாத்திரையை மாற்றிக்கொண்டே ஆண்டுகளைக் கழிக்காமல் வேறு வழியையும் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பாகவே இச்சொல்லை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதயத் தசைக்கு வரும் சொல்லும் இதுவே, ஆனால் அங்கே அது நோயன்று, காவல். ஒருமுறை துடித்த தசையில் சோடியத்தை உள்ளே விட்டு அதைத் தூண்டும் நுண்வாயில்கள் சிறிது நேரம் அடைத்துக்கொள்வதால், ஏறத்தாழ கால் நொடிக்கு வேறெந்தத் தூண்டலுக்கும் அது இசையாது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் இதயம் சுருங்கியபடியே நின்றுவிடும். விரிந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ள அதற்கு நேரமிருக்காது.

தமிழில் 'அடங்காத வலிப்பு' என்று எழுதுவதை நான் விரும்புவதில்லை. அடங்காப்பிடாரி என்று பிள்ளைகளைத் திட்டிப் பழகிய நம் காதில் அது அவன்மேல் சுமத்தும் குற்றமாகவே விழும். 'மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு' என்றால் சொல்ல வேண்டியது அவ்வளவும் வந்துவிடுகிறது.

இனிச் செய்ய வேண்டியது, வலிப்புக்கென்றே தனிப்பிரிவு உள்ள மருத்துவமனையில் அவனைக் காட்டுவது. வலிப்பு மூளையில் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்து, அந்த இடத்தை ஆபத்தில்லாமல் அகற்ற முடிந்தால், அறுவை சிகிச்சை உண்டு. பொட்டுமடலில், அதாவது நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதியில், கிளம்பும் வலிப்புள்ள 80 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துக் கனடாவில் நடத்திய ஆய்வு 2001-இல் வெளிவந்தது. நினைவு தப்பும் வலிப்பு ஓராண்டில் நின்றிருந்தவர்கள் அறுவைக் குழுவில் 58 விழுக்காடு, மருந்துக் குழுவில் 8 விழுக்காடு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1990-களிலிருந்தே இந்த அறுவை நடக்கிறது, உங்களுக்கும் அது தொலைவில்லை.

போகும்போது, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம், ஏன் நிறுத்தினார்கள் என்று ஆறு ஆண்டுக் கணக்கையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேளை தவறிய நாட்களையும் மறைக்காமல் எழுதுங்கள். வலிப்பு வரும்போது, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்த பிறகு, முகமும் கைகளும் தெரியும்படி கைபேசியில் யாராவது படம் எடுத்து வையுங்கள். வலிப்பைப் போலவே தோன்றும் மயக்கங்களும் உண்டு, அவற்றைப் பிரித்தறிய அந்த ஒரு நிமிடப் படம் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். அதுவரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.