பறவை பார்க்கும் மனைவிக்கு எந்த கேமரா?

கேள்வி: திருநெல்வேலியில் இருக்கிறோம். என் மனைவி பள்ளி ஆசிரியை. கொஞ்ச காலமாகப் பறவைகள் மேல் அவருக்குப் பெரிய ஆர்வம். மொட்டை மாடிக்கு வரும் தேன்சிட்டு, மீன்கொத்தி, லீவு விட்டால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் என்று எல்லாவற்றையும் போனில்தான் எடுக்கிறார். படத்தில் பறவை புள்ளியாகத் தெரிகிறது. கல்யாண நாளுக்கு அவருக்குத் தெரியாமல் ஒரு கேமரா வாங்கிக் கொடுக்க ஆசை. 70,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். கடையில், "24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆர்., ரெண்டு லென்ஸ், பை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து காம்போ" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பணத்தைக் கட்டிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பையையும் ஸ்டாண்டையும் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். மெகாபிக்சலும் இங்கே பெரிய விஷயமில்லை. பறவைக்கு கேமரா வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, லென்ஸ் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதைத்தான்.

உங்கள் மாடித் தேன்சிட்டையே எடுத்துக்கொள்வோம். அலகிலிருந்து வால்வரை சுமார் 10 செ.மீ. எட்டு மீட்டர் தள்ளி ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கிறது. லென்ஸின் மி.மீ. எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். போனின் முக்கிய கேமரா பெரும்பாலும் 24 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அந்தத் தூரத்தில் அது 12 மீட்டர் அகலத்தை ஒரே படத்துக்குள் அடைக்கும். படம் 4000 பிக்சல் அகலம் என்றால், தேன்சிட்டுக்குக் கிடைப்பது முப்பத்துச் சொச்சம் பிக்சல். அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிதான். கடைக்காரர் காட்டும் காம்போவில் 55-250 மி.மீ. லென்ஸ் இருந்தால், கேனான் 1500டி போன்ற டி.எஸ்.எல்.ஆர். உடலில் அது 400 மி.மீ.க்குச் சமம். இப்போது படத்தின் அகலம் 72 செ.மீ.க்குச் சுருங்கும், 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம் என்பதால் பறவைக்கு 800 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். இறகின் மினுமினுப்பு தெரிய அது போதும். கேனான் எஸ்.எக்ஸ்.70 மாதிரி லென்ஸ் கழற்ற முடியாத சூப்பர் ஜூம் கேமரா 1365 மி.மீ. வரை போகும். அதில் தேன்சிட்டு பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும். நிக்கான் பி950 இன்னும் மேலே, 2000 மி.மீ.

கடையில் "65 எக்ஸ்", "83 எக்ஸ்" என்று சொல்வார்கள். மிகக் குறைந்த ஜூமுக்கும் மிக அதிக ஜூமுக்கும் உள்ள விகிதம்தான் அது, எவ்வளவு தூரம் எட்டும் என்ற கணக்கு இல்லை. 100-400 மி.மீ. லென்ஸ் வெறும் 4 எக்ஸ்தான், ஆனால் பறவைக்காரர்கள் தேடி வாங்குவது அதைத்தான். அதனால் மி.மீ. எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். "டிஜிட்டல் ஜூம்" என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், அந்த எண்ணைக் காதிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம்.

சரி, அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு சூப்பர் ஜூம் வாங்கிவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இவ்வகை கேமராக்களின் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு, சுமார் 6 மி.மீ.க்கு 4.5 மி.மீ.தான். 1500டி சென்சாரின் பரப்பு இதைப்போல ஏறக்குறைய 12 மடங்கு. நல்ல வெயிலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. விடியற்காலையிலும், மர நிழலிலும், சாயங்காலம் ஆறு மணிக்கும் சூப்பர் ஜூம் படம் பொரிப் பொரியாக வரும். பறந்துகொண்டிருக்கும் பறவையைத் துரத்திப் பிடிப்பதிலும் இவை மெதுவானவை.

எனவே கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் சாதாரணமாக அவர் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் எடுத்த நேரம் இருக்கும். பெரும்பாலும் காலை எட்டு மணிக்கு மேல், உட்கார்ந்திருக்கும் பறவைகள், "இது என்ன பறவை?" என்று கண்டுபிடிப்பதற்காக எடுத்தவை என்றால் சூப்பர் ஜூம் அவருக்கு அருமையாகப் பொருந்தும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, இ-பேர்ட் இணையதளத்தில் பறவைப் பட்டியல் என்று போகிறவர்களுக்கு அடையாளம் தெரிகிற படம் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஆறரை மணி வெளிச்சம், சிறகு விரித்த கூழைக்கடா, அழகான பின்னணி என்று படம் படமாக முயன்றிருந்தால் பெரிய சென்சாரும் தனி லென்ஸும்தான் வேண்டும்.

கூந்தன்குளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. அவற்றுக்கு 400 மி.மீ. தாராளம், சில சமயம் அதுவே அதிகம். குளத்து நடுவில் நிற்கும் வரித்தலை வாத்துக்குத்தான் 1000 மி.மீ.க்கு மேல் தேவைப்படும். அதுவும் வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேல் காற்று நெளிவதால், எந்த கேமராவில் எடுத்தாலும் படம் குழைந்துதான் வரும். அதைக் கேமராவின் குறை என்று நினைத்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

என்னைக் கேட்டால், நீங்கள் எழுதியிருப்பதை வைத்து எஸ்.எக்ஸ்.70 பக்கம்தான் சாய்வேன். எடை சுமார் 600 கிராம், தோள்பையில் போகும், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்கிறது, லென்ஸ் மாற்றும் தொல்லை இல்லை. பி950 இன்னும் நன்றாக எட்டும். ஆனால் ஒரு கிலோ. மாடியில் அரை மணி நேரம் ஏந்தி நிற்க அவருக்குப் பிடிக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். புதிதாக டி.எஸ்.எல்.ஆர். வாங்குவதை இப்போது நான் பரிந்துரைப்பதில்லை. கேனானும் நிக்கானும் புதிய லென்ஸ்களையெல்லாம் மிரர்லெஸ் (டி.எஸ்.எல்.ஆரில் உள்ளது போன்ற உள்கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்குத்தான் கொண்டுவருகின்றன. நம்பகமான ஆளிடம் பழையது மலிவாகக் கிடைத்தால் அது வேறு கதை. பட்ஜெட்டைக் கொஞ்சம் நீட்ட முடியுமென்றால் கேனான் ஆர்50 என்ற மிரர்லெஸ் கேமராவைப் பாருங்கள். பறவையை அடையாளம் கண்டு அதன் மேலேயே ஃபோகஸ் வைத்துக்கொள்ளும். கூட வரும் 55-210 லென்ஸ் 336 மி.மீ.க்குத்தான் சமம் என்பதால் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். பிறகு போனஸ் வரும்போது ஆர்.எஃப். 100-400 லென்ஸைச் சேர்த்தால் அது 640 மி.மீ. வரை போகும்.

சர்ப்ரைஸ் விஷயத்துக்கு வருவோம். பெட்டியைப் பிரித்த கேமராவைக் கடையில் திரும்ப எடுப்பது அபூர்வம். வேறு மாடலுக்கு மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளுக்குள், என்று முன்பே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். ஜிகினாத் தாள் சுற்றும் முன் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, பெட்டி, கேமரா, வாரண்டி அட்டை மூன்றிலும் ஒரே சீரியல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால், பெரும்பாலும் இந்திய வாரண்டி இல்லாத சரக்கு.

மெமரி கார்டு பெட்டியோடு வராது. 64 ஜி.பி., வி30 (வேகக் குறியீடு) என்று போட்டது ஒன்று தனியாக வாங்குங்கள். முந்தின நாள் ராத்திரியே பேட்டரியை சார்ஜ் போட்டு, கார்டையும் செருகி வைத்துவிடுங்கள். பிரித்ததும் அவர் செய்யப்போகும் முதல் காரியம் ஒரு படம் எடுப்பதுதானே. வியூஃபைண்டர் பக்கத்தில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கும். கண் பவருக்கு ஏற்பத் திருப்பிக்கொள்வதற்கான சக்கரம் அது. நீங்கள் உங்கள் கண்ணுக்குத் திருப்பிவைத்துவிட்டால் அவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும், கேமராவே பழுது என்று நினைத்துவிடுவார். உள்ளே தெரியும் எழுத்துகள் தெளிவாகும் வரை அவரையே திருப்பச் சொல்லுங்கள்.

கல்யாண நாள் வரை பீரோவில் புடவைக்கு நடுவே ஒளித்துவைக்கும் எண்ணம் இருந்தால், அங்கே பாச்சை உருண்டை கிடக்கிறதா என்று பாருங்கள். அந்த நெடி கேமராவுக்கு ஆகாது. மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். அதே டப்பாவை அப்புறமும் வைத்துக்கொண்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது.