லோகோ பைலட் தேர்வு: பயிற்சிக் கட்டணத்துக்கு முன் கண் பரிசோதனை

அன்புள்ள அம்மா,

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த உங்கள் மகள் உதவி லோகோ பைலட் (உதவி ரயில் ஓட்டுநர்) தேர்வு எழுத விரும்புவதையும், விபத்துச் செய்திகளைப் பார்த்து நீங்கள் தயங்குவதையும் எழுதியிருந்தீர்கள். ரயில் ஓட்டுவது துணிச்சலை நம்பிய வேலை அன்று; விதியை நம்பிய வேலை. அடுத்த நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர் 'லைன் கிளியர்', அதாவது தடம் காலி என்ற அனுமதி, கொடுக்காதவரை, இந்த நிலையத்திலிருந்து வண்டியை அனுப்பக் கூடாது என்பதே நம் ரயில்வேயில் பெரும்பாலான தடங்களின் அடிப்படை. பச்சை தெரிந்தால் அனுமதிக்கப்பட்ட வேகத்தில் செல்லலாம். இரட்டை மஞ்சள் தெரிந்தால் அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்கவும், ஒற்றை மஞ்சள் தெரிந்தால் அடுத்த சிக்னலில் நிற்கவும் ஆயத்தமாக வேண்டும். சிவப்பில் நின்றே ஆக வேண்டும். 'ஏ' என்ற எழுத்துப் பலகை உள்ள தானியங்கி சிக்னலில் மட்டும், பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் நின்றபின், தடை தெரிந்தால் உடனே நிறுத்தக்கூடிய வேகத்தில் ஊர்ந்து செல்ல விதி இடம் தருகிறது. சென்னைப் புறநகர் ரயில்கள் நடுவழியில் நின்று மெல்ல நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்வரும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும். நள்ளிரவு கடந்து மூன்று மணிக்கும் சலிக்காமல் அதைச் செய்யும் இயல்பு உங்கள் மகளுக்கு உண்டா என்பதை, மதிப்பெண்ணைவிட நான் பெரிதாகக் கருதுகிறேன். அனுமதியின்றிச் சிவப்பைக் கடந்தால் வேலையே பறிபோகலாம்.

அச்சமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, பிரதான பாதைக்குப் பச்சை காட்டிய சிக்னலை நம்பி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பக்கத்துக் கிளைப் பாதையான லூப் லைனுக்குத் திரும்பியிருந்த தண்டவாளத்தில் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. சிக்னல் மின்சுற்றில் நடந்த பணிகளின் குறைபாடே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஓட்டுநர் விதியை மீறவில்லை.

ஆனால், பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுமுன் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடி இல்லாமல் இரு கண்களிலும் 6/6 பார்வையும் குறையற்ற நிறப்பார்வையும் இருக்க வேண்டும். பார்வைக் குறையைச் சரிசெய்யும் லேசிக் எனும் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இப்பணி கிடையாது. பலர் கணினித் தேர்வுகள் அனைத்தையும் வென்றபின் மருத்துவப் பரிசோதனையில்தான் தடைபட்டு நிற்கிறார்கள். நிறப்பார்வையில் குறை இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் பணிக்கும் வழியில்லை. அப்போது, பட்டப்படிப்பை முடித்துவிட்டு ரயில்வேயின் எழுத்தர், கணக்குப் பிரிவுப் பணிகளுக்கு முயல்வது பற்றிப் பேசலாம்.