பாய்மரப் படகுக்கு ஜி.பி.எஸ். வாங்குவதா, காம்பஸ் போதுமா?

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து 18 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி மண்டபம் பக்கம் விட்டிருக்கிறோம். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு போய்க் கரையோரமாக ஓட்டுவோம். வழி பார்க்கும் சாமான்களுக்கு 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். 7 அங்குலத் திரை உள்ள சார்ட்ப்ளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி) வாங்கிவிடலாம் என்கிறார் ஒருவர். காம்பஸும் காகித வரைபடமும் போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? (திருநகர், மதுரை)

பதில்: முழுத் தொகையையும் ப்ளாட்டரில் போடாதீர்கள். அது மோசமான கருவி என்பதால் அல்ல, உங்கள் படகில் அதற்குச் சோறு போட வழியில்லை என்பதால். 7 அங்குலத் திரை வெயிலில் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வைத்தால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி யு.பி.எஸ். பேட்டரி ஈய-அமில வகை. பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக, மூன்று அல்லது மூன்றரை மணி நேரம்தான் கணக்கு. திறந்த படகில் உப்புத் தண்ணீர் பட்டு டெர்மினலில் பச்சை பூக்கும். மெல்லிய ஒயரில் வோல்ட் குறைந்து திரை தானாக அணைந்து அணைந்து எரியும். 'ப்ளாட்டர் கெட்டுவிட்டது' என்று தூக்கிக்கொண்டு வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒயர், ஃபியூஸ், டெர்மினல் மூன்றையும்தான்.

உங்கள் படகுக்கு நாங்கள் சொல்லும் வரிசை இது. முதலில், படகில் நிலையாகப் பொருத்தும் திரவம் நிரப்பிய காம்பஸ். எண்கள் நின்ற இடத்திலிருந்தே தெரிய வேண்டும், அதனால் சிறியதை வாங்காதீர்கள். அடுத்து, கையடக்க மரைன் ஜி.பி.எஸ். ஒன்று: தண்ணீரில் மிதக்க வேண்டும், ஐ.பி.எக்ஸ்.7 தரம் வேண்டும் (1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள்), ஏ.ஏ. பேட்டரியில் ஓட வேண்டும். கார்மின் ஜி.பி.எஸ்.மேப் 79 வரிசை இந்த மூன்றுக்கும் பொருந்தும். பேட்டரி தீர்ந்தால் உச்சிப்புளி பெட்டிக்கடையில்கூட ஏ.ஏ. கிடைக்கும் என்பது சின்ன விஷயமில்லை. மூன்றாவது, டேராடூனில் உள்ள தேசிய நீரளவியல் அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடம், அதோடு இணைகோட்டு ரூலர், டிவைடர், 2பி பென்சில். நான்காவது, ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிறு.

ஈயக்குண்டைப் பழங்காலத்துச் சாமான் என்று ஒதுக்க வேண்டாம். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். ஆதாம் பாலத்தை ஒட்டி மணல் திட்டுகள் ஓரிரு மீட்டர் தண்ணீரில் கிடக்கும், பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். திரையில் தெரியும் ஆழம் என்றோ அளந்த ஆழம். விரலால் பெரிதாக்கினால் படம் பெரிதாகுமே தவிர, புதிதாக யாரும் போய் அளந்துவிடுவதில்லை. எனவே 2 கிலோ ஈயக்குண்டு, 15 மீட்டர் கயிறு, அரை மீட்டருக்கு ஒரு அடையாளத் துணி. மீனவர்கள் பாகக் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். அவர்களிடம் வழி கேட்கும்போது அந்தக் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குண்டின் அடிக்குழியில் சோப்பை அப்பி இறக்கினால் மணலா சேறா என்று ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டாமல் கீறல் மட்டும் இருந்தால் கீழே பாறையோ பவளமோ. அங்கே நங்கூரம் போடக் கூடாது.

காம்பஸும் ஜி.பி.எஸ்.ஸும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை என்பதை மூவரும் புரிந்துகொள்ளுங்கள். படகின் மூக்கு எங்கே பார்க்கிறது என்று காம்பஸ் காட்டும். படகு உண்மையில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஜி.பி.எஸ். காட்டும். காம்பஸில் 90, ஜி.பி.எஸ்.ஸில் 102 என்றால், காற்றும் நீரோட்டமும் சேர்ந்து உங்களை 12 டிகிரி தெற்கே தள்ளுகின்றன. நம் கடலில் காந்த வடக்குக்கும் (ஊசி காட்டுவது) உண்மை வடக்குக்கும் (வட துருவம் இருக்கும் திசை) வித்தியாசம் ஓரிரு டிகிரிதான், ஆனாலும் ஜி.பி.எஸ். அமைப்பில் 'காந்தம்', 'உண்மை' இரண்டில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டே ஒப்பிடுங்கள். படகு நிற்கும்போது ஜி.பி.எஸ். திசை கண்டபடி சுற்றும். அதை நம்பிப் படகைத் திருப்பக் கூடாது.

இடத்தைச் சொல்வதில் ஜி.பி.எஸ்.ஸை எந்தப் பழைய முறையாலும் ஜெயிக்க முடியாது, சில மீட்டருக்குள் சொல்லிவிடும். அது தப்பாகச் சொல்லும்போது தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் மற்ற முறை வேண்டும். படகின் முனையில் ஒரு மரச்சில்லைப் போட்டு, அது பின்முனையைக் கடக்கும் வரை எண்ணுங்கள். 18 அடி, அதாவது 5.5 மீட்டரை மூன்றரை வினாடியில் கடந்தால் வேகம் 3 நாட், அதாவது மணிக்கு 3 கடல் மைல். அதே வேகத்தில் 40 நிமிடம் ஓடியிருந்தால் 2 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்). திரையில் 5 மைல் என்றிருந்தால் ஏதோ சரியில்லை. அரை மணிக்கு ஒரு முறை இடத்தையும் நேரத்தையும் காகிதத்தில் பென்சிலால் குறித்துவந்தால், கருவி அணைந்துபோனாலும் கடைசிப் புள்ளி கையில் இருக்கும்.

தப்பு பெரும்பாலும் எண்ணைப் படிப்பதில் நடக்கும். அட்சரேகை 9 டிகிரி 16.50 நிமிடம் (ஒரு டிகிரியில் 60 நிமிடம்) என்பதை 16 நிமிடம் 50 வினாடி என்று படித்தால் 600 மீட்டருக்கு மேல் விலகிப் போவீர்கள். மணல் திட்டுக்கு அவ்வளவு போதும். கருவியில் 'டிகிரி, தசம நிமிடம்' என்று ஒரே வடிவத்தை வைத்து மூவரும் அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டு கோடுகளைக் கருவியில் எச்சரிக்கை ஒலியோடு போட்டுவையுங்கள். ஒன்று, மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. 1986-இல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள். அனுமதியின்றி அங்கே போக முடியாது. இன்னொன்று, 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லை. எல்லைக் கோட்டின் மீதே எச்சரிக்கை வைப்பதால் பயனில்லை. இரண்டு மூன்று மைல் இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள், பாய்மரப் படகு நினைத்த நொடியில் திரும்பாது.

கேள்வி: செல்போனில் கடல் வரைபட ஆப் இருக்கும்போது தனியாக ஜி.பி.எஸ். எதற்கு? (அண்ணாநகர், மதுரை)

பதில்: துணைக்கு நல்லது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோளைக் கொண்டு இடம் காட்டும். ஆனால் ஐபோனைப் பயன்படுத்தும் சூழல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. சித்திரை வெயிலில் படகில் வைத்தால் சூடேறித் திரை மங்கும், பிறகு அணையும். ஈர விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது. தண்ணீர் புகாத பையில் போட்டு நிழலில் வைத்திருங்கள். போன் அருகே இருந்தால் காம்பஸ் ஊசி திரும்பிவிடும், அதனால் காம்பஸிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியே இருக்கட்டும்.

கேள்வி: இணையத்தில் வெளிநாட்டுக் காம்பஸ் வாங்கினேன். உள்ளே சுழலும் எண் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து உரசுகிறது. 'பழுதில்லை, அப்படித்தான் இருக்கும்' என்கிறார் விற்றவர். (மேலூர்)

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. பூமியின் காந்தவிசை ஊசியைக் கீழ்நோக்கியும் இழுக்கும். லண்டனில் அந்தச் சாய்வு 65 டிகிரிக்கும் மேல். அங்கே விற்கும் காம்பஸில் வடமுனை தாழாமலிருக்க எதிர்ப்பக்கம் எடை கூட்டியிருப்பார்கள். நாமோ காந்த நடுக்கோட்டுக்கு (ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் கோடு) அருகில் இருக்கிறோம். திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் அமைந்ததற்கே அதுதான் காரணம். இங்கே சாய்வு மிகக் குறைவு. கூட்டிய எடை மட்டும் மிஞ்சி, தெற்குப் பக்கம் தாழ்ந்து உரசுகிறது. நீங்கள் கேட்க வேண்டியது காந்த நடுக்கோட்டு மண்டலத்துக்குச் சமன் செய்தது, அல்லது உலகம் முழுவதற்கும் ஆனது. பெட்டியில் மண்டலம் குறித்திருக்கும்.

இந்தியாவில் பயன்படுத்தலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. 2020 மின்வணிக விதிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சாய்ந்த தட்டின் வீடியோவையும் எடுத்துவையுங்கள். எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மதுரை மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, காலக்கெடு 2 ஆண்டு.

அடுத்து கடையில் வாங்கும்போது, செல்போனை அருகே கொண்டுபோய்த் தட்டை 20 டிகிரி திருப்பிவிட்டு, போனை விலக்குங்கள். தட்டு பழைய எண்ணுக்கே வந்து நிற்க வேண்டும். இரண்டு டிகிரிக்கு மேல் தள்ளி நின்றால் உள்ளே ஊசிமுனை தேய்ந்திருக்கிறது. திரவத்தில் குமிழி தெரிந்தாலும் வேண்டாம்.

கேள்வி: பழைய ஜி.பி.எஸ். ஒன்று மலிவாக வருகிறது. இடம் சரியாகக் காட்டுகிறது, தேதி மட்டும் ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் இருக்கிறது. வாங்கலாமா? (திருமங்கலம்)

பதில்: ஜி.பி.எஸ். வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி நடந்தது. பழைய மென்பொருள் அதைப் புரிந்துகொள்ளாமல் 19.6 வருடம் பின்னால் போய்விடும். தயாரிப்பாளர் புது மென்பொருள் கொடுத்திருந்தால் ஏற்றிப் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அப்படியே வாங்கினாலும், அமைப்பில் 'டபிள்யூ.ஜி.எஸ். 84' (ஜி.பி.எஸ். இடத்தைக் கணக்கிடும் உலகப் பொது அளவை) இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் பழைய இந்திய அளவைக்கு மாற்றி வைத்திருந்தால் நூறு மீட்டருக்கு மேலும் விலகும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் செயற்கைக்கோள் வழியாக எஸ்.ஓ.எஸ். அனுப்பும் கருவி வாங்கித் தருகிறேன் என்கிறார். படகுக்கு ஆகுமே? (உசிலம்பட்டி)

பதில்: வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் போனோ, செய்தி அனுப்பும் கருவியோ வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விமான நிலையத்தில் இதனால் கைதானவர்கள் உண்டு. இடத்தை மட்டும் வாங்கிக் காட்டும் சாதாரண ஜி.பி.எஸ்.ஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. படகிலிருந்து பேசும் மரைன் வி.எச்.எஃப். ரேடியோவுக்கும் உரிமம் வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் போனில் போட்டுக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணி தாண்டினால் அழைக்க வேண்டும் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: காம்பஸ் வாங்கிவிட்டேன். கடலுக்குப் போகும் முன்பு மதுரையிலேயே பழக முடியுமா? (புதூர்)

பதில்: தாராளமாக. கையில் பிடித்துத் திசை பார்க்கும் காம்பஸோடு மொட்டை மாடிக்குப் போங்கள். தண்ணீர்த் தொட்டியின் இரும்பு, கம்பி எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள். யானைமலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம் மூன்றின் உச்சிக்கும் திசை எண்ணைக் குறியுங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் ஒவ்வொரு மலையிலிருந்தும் அந்த எண்ணோடு 180 கூட்டியோ கழித்தோ கோடு போடுங்கள். மூன்றும் ஒரே புள்ளியில் சேராது, சின்ன முக்கோணம் விழும். அதற்குள்ளோ பக்கத்திலோதான் உங்கள் வீடு. பிறகு போனைத் திறந்து சரிபாருங்கள். அந்த வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் 500 மீட்டர். முக்கோணம் அதற்குள் அடங்கும் வரை செய்துவிட்டு, கடலில் இதையே இராமேசுவரம் கோபுரம், பாம்பன் கலங்கரை விளக்கம், ஏதாவது ஒரு செல்போன் கோபுரம் மூன்றையும் வைத்து, படகு ஆடும்போது செய்யுங்கள்.